உயிர் காலேஜும் செத்த காலேஜும்

(திங்கட்கிழமை காலை. பால் வாங்க வந்த வேதாசலம் காலை ஊன்ற முடியாமல் நிற்கிறார். தெருச் செய்தி எதையும் தவறவிடாத முத்தையா அவரைப் பிடித்துக்கொள்கிறார்.)

முத்தையா: என்ன சார், ஓரடி எடுத்து வைக்கவே இவ்வளவு யோசிக்கிறீர்கள்?

வேதாசலம்: நேற்றுக் குடும்பத்தோடு காலையில் வண்டலூர் உயிரியல் பூங்கா, பிற்பகலில் எழும்பூர் அருங்காட்சியகம் என்று ஒரே நாளில் இரண்டையும் பார்த்தோம். திட்டம் போட்டவன் நான்தான் என்பதால் வீட்டில் வலியைச் சொல்லவும் வழியில்லை.

முத்தையா: உயிர் காலேஜ், செத்த காலேஜ் இரண்டுமா! எங்கள் பாட்டி அப்படித்தான் சொல்வார். புலியைப் பார்த்தீர்களா?

வேதாசலம்: வெள்ளைப் புலியின் முதுகைப் பார்த்தோம். என் மகன் அரை மணி நேரம் கெஞ்சியதற்கு, அது வால் நுனியை ஒருமுறை தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டது. 602 ஹெக்டேர் பூங்காவுக்குப் போன எங்களைத் தாமாகத் தேடி வந்த ஒரே உயிர், வாசலுக்கு வெளியே மரத்தில் இருந்த குரங்குதான். என் மனைவி விடியற்காலையில் எழுந்து கட்டிய எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்து, வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, சோற்றை எங்களுக்கே விட்டுச் சென்றது. எங்கள் மகள் சாப்பிடும் முறையும் அதுவேதான் என்பதால், யாரைத் திட்டுவதென்று மனைவிக்குத் தெரியவில்லை.

முத்தையா: எழும்பூரில்?

வேதாசலம்: அங்கே அந்தக் குறையே இல்லை. யானையும் திமிங்கலமும் எலும்புக்கூடாக இருந்தாலும், கூப்பிடாமலே முழுசாகக் காட்சி தந்தன. 'இங்கேதான் அப்பா எல்லாம் ஒழுங்காக நிற்கின்றன' என்றான் மகன்.

முத்தையா: இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே சார். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், உயிருள்ள விலங்கைக் காட்டினால் கூட்டம் கூடுகிறது என்று கண்டு, 1855இல் அந்த வளாகத்திலேயே விலங்குக் காட்சிசாலையையும் தொடங்கினார். பிறகு அது சென்ட்ரல் பக்கம் குடிபோய், 1985இல் வண்டலூரில் திறக்கப்பட்டது.

வேதாசலம்: அதை எழும்பூரிலேயே விட்டிருந்தால், தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் நான் நின்றிருக்க வேண்டாம்.

முத்தையா: உங்கள் அம்மாவுக்கு எது பிடித்தது?

வேதாசலம்: வெண்கலச் சிலைக் கூடம். வாசலிலேயே செருப்பைக் கழற்றியவர், திருவாலங்காட்டு நடராசர் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் இருந்த காவலரிடம் திருநீற்றுக்குக் கையை நீட்டிவிட்டார். இப்படி எத்தனை அம்மாக்களைப் பார்த்தவரோ, 'ஐந்து மணிக்கு மூடிவிடுவோம் அம்மா' என்று மட்டும் அவர் பணிவாகச் சொன்னார். அம்மா அதை நடை சாத்தும் நேரம் என்று எடுத்துக்கொண்டு, இனி வெள்ளிதோறும் வருவதாக அங்கேயே வேண்டிக்கொண்டார்.

முத்தையா: வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறையாயிற்றே!

வேதாசலம்: அதைச் சொன்னதற்கு, 'வெள்ளிக்கிழமை நடை திறக்காத கோயில் உண்டா?' என்று என்மேல் பாய்ந்தார். சமாதானத்துக்காக, அடுத்த பிரதோஷத்துக்குக் கட்டாயம் அழைத்துப் போவதாகச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

முத்தையா: பிறகென்ன கவலை?

வேதாசலம்: வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் புரட்டினேன் சார். பிரதோஷமும் வெள்ளிக்கிழமையில்தான் வருகிறது.