சம்பளச் சீட்டு எங்கே?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு துணிக்கடையில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்காகக் கடன் கணக்கு கேட்டேன். "மூன்று மாதச் சம்பளச் சீட்டு எங்கே, ஆன்ட்டி?" என்றாள் கவுன்டர் பெண். விடியுமுன் அடுப்படியில் நுழைகிறவளுக்குச் சீட்டு எழுதித் தருவது யார்?

2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம், திருப்பிக் கட்டும் சக்தியைச் சோதித்த பிறகே கடன் கொடுக்கச் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் திருமணத்துக்கு முன் ஒப்பந்தம் எழுதாதவர்களுக்கு இந்நாட்டில் சொத்தும் பொது, கடனும் பொது. என் கணவர் கடனில் எனக்குப் பங்கு உண்டாம், அவர் சம்பளத்தைக் காட்டி நான் கேட்டால் மட்டும் "உங்கள் வருமானம் எவ்வளவு?" அமெரிக்காவில் 2013இலேயே, 21 வயது நிறைந்தவர் கைக்கு எட்டும் குடும்ப வருமானத்தைக் காட்டி கிரெடிட் கார்டு கேட்க வழிசெய்துவிட்டார்கள். இங்கே கணவரை அழைத்துவரச் சொல்கிறார்கள். அவருக்குப் பிள்ளைகளின் சட்டை அளவுகூடத் தெரியாது!