காம்பியால கோலிக்குண்டு ஓட்டு: அந்த ஃபார்வர்டு தப்பு

வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்திட்டிருக்கு, மேற்கு ஆப்பிரிக்கால இருக்கிற காம்பியால ஜனங்க கோலிக்குண்டு போட்டுத்தான் ஓட்டு போடுறாங்க, யார் எத்தனை குண்டு வேணா போடலாம், அதனால ஆட்சில இருக்கிறவர் தோக்கவே மாட்டார்னு. குண்டு போடுறது உண்மை, மீதி ரெண்டும் தப்புங்க.

பேரைச் சரிபார்த்து ஒருத்தருக்கு ஒரே ஒரு குண்டுதான் குடுப்பாங்க. மறைவுல வேட்பாளருக்கு ஒரு டிரம், கட்சி கலர் அடிச்சு போட்டோ ஒட்டியிருக்கும், மேல இருக்கிற குழாய்ல குண்டைப் போட்டா உள்ள இருக்கிற மணி 'டிங்'னு அடிக்கும். ரெண்டாவது தடவை அடிச்சா வெளிய இருக்கிற அதிகாரிக்கு உடனே தெரிஞ்சிடும், குண்டு துள்ளி மறுபடி சத்தம் வரக்கூடாதுன்னு அடியில மணலோ மரத்தூளோ போட்டிருப்பாங்க, எவ்ளோ அழகான யோசனை பாருங்க! எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் யார் உதவியும் இல்லாம ஓட்டு போடணும்னு 1960கள்ல வந்த முறை இது.

1994ல ராணுவப் புரட்சில ஆட்சியப் பிடிச்ச யாயா ஜாமே 2016 டிசம்பர்ல இதே குண்டு ஓட்டுலதான் அடாமா பாரோகிட்ட தோத்தார். காம்பியா தேர்தல் ஆணையத்தோட வெப்சைட்லயும் அப்போ வந்த பிபிசி செய்திகள்லயும் பார்த்துக்கலாம். தயவுசெஞ்சு அந்த மெசேஜை இனிமே யாருக்கும் அனுப்பாதீங்க, ஏற்கனவே அனுப்பின குரூப்ல இதையும் போட்டுடுங்க.