ரைக்ஸ்டாக் தீ: 2008இல் ரத்தானது எது?

1933இல் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக்கைக் கொளுத்தியதாக மரண தண்டனை பெற்றவர் டச்சுக்காரரான வான் டெர் லுபே. அவரைப் பற்றி ஒருவர், '2008இல் ஜெர்மனி வான் டெர் லுபேவை நிரபராதி என்று அறிவித்தது, அதனால் ரைக்ஸ்டாக்கைக் கொளுத்தியது நாஜிகள்தான் என்று நிரூபணமாகிவிட்டது' என்று எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. ரத்தானது லுபேவுக்கு எதிரான தீர்ப்பு. யார் கொளுத்தினார்கள் என்ற கேள்விக்குள் யாரும் போகவில்லை. நாஜி கால அநீதித் தீர்ப்புகளை நீக்கும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எடுத்த முடிவு அது.

தீ வைத்தது 1933 பிப்ரவரி 27இல். அன்றைக்கு வெறும் தீவைப்புக்கு மரண தண்டனையே கிடையாது. மார்ச் 29இல் ஒரு சட்டம் போட்டு, அதை முன்தேதியிட்டு அவர்மேல் பாய்ச்சினார்கள். 1934 ஜனவரி 10இல் லைப்ஸிக்கில் தலையை வெட்டினார்கள். 25 வயது நிறைய மூன்று நாள் பாக்கி.

அதற்காக அவர் சும்மா அந்தப் பக்கம் போனவரும் இல்லை. சட்டையில்லாமல், வேர்த்து வழிய, கட்டடத்துக்குள்ளேயே பிடிபட்டார். அடுப்பு பற்றவைக்கும் கட்டிகளை வைத்துத் தானே கொளுத்தியதாக ஒப்புக்கொண்டார். சுண்ணாம்பு பட்டுப் பார்வை மங்கிய கொத்தனார் தனியாளாக அவ்வளவு பெரிய மண்டபத்தை எரித்திருக்க முடியுமா என்பதில்தான் வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

அப்புறம், அவரைக் 'கம்யூனிஸ்ட் கட்சி ஆள்' என்று சிலர் சொல்வதும் தப்பு. 1931லேயே டச்சுக் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு விலகிவிட்டார். அவரோடு கூடவே கூண்டில் நிறுத்தப்பட்ட டோர்க்லர், திமித்ரோவ் உள்ளிட்ட நான்கு கம்யூனிஸ்ட்களையும் அதே நீதிமன்றம் விடுதலை செய்தது.