அவை முட்டைகள் அல்ல

தம்பி, உப்புவெளிப் புங்கை இலைப் படத்தின் கீழ் “இவை பூச்சி முட்டைகள், கிளையை வெட்டி எரித்துவிடுங்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். முட்டை என்றால் நகத்தால் சுரண்ட, கழன்று வரும். விரல் நுனிபோல் புடைத்திருக்கும் இந்தக் கொப்புளங்கள் இலையின் சொந்த இழையம். இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் சிறு வாய் தெரியும். அவற்றை உண்டாக்கியது பூச்சியே அல்ல. நான்கே கால்கள் கொண்ட சிற்றுண்ணி, தென்னங்குரும்பையைச் சொறியாக்கும் உண்ணிக்கு நெருங்கிய சொந்தம். நீளம் சுமார் 0.2 மில்லிமீற்றர். நிஜ அளவில் பதிக்கும் மேக்ரோ லென்ஸில்கூட, 36 மில்லிமீற்றர் அகலச் சென்சரில் அது வெறும் புள்ளி. படத்தில் உணர்கொம்போடு இவ்வளவு தெளிவாக நிற்கும் எறும்பு வழிப்போக்கன்தான். அதன்மேல் பழி போடாதீர்கள். மரத்துக்கும் பெரிய கேடில்லை, கத்தியை உள்ளே வையுங்கள்.