சேனலை மாற்றினால் ரீபூட் நிற்காது
"பக்கத்து வீட்டு வைஃபை இடைஞ்சலால்தான் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் பெட்டி) ரீபூட் ஆகிறது, சேனலை மாற்றுங்கள்" என்று சிலர் சொல்வது சரியில்லை. சேனல் நெரிசலில் வேகம் குறையும், இணைப்பு அறுபடும். பெட்டி அணைந்து எழாது. முதலில் அப்டைமை, அதாவது பெட்டி கடைசியாக எழுந்ததிலிருந்து ஓடிய நேரத்தைப் பாருங்கள். விழுந்த நேரத்திலிருந்து புதிதாக எண்ணுகிறதென்றால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள் (பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் அப்புறம்). இந்தப் பெட்டிகள் பலவற்றுக்கும் நெட்வொர்க் கேபிள் வழியேதான் மின்சாரம் வருகிறது. அதற்கான தரங்களில் ஒன்றான 802.3ஏஎஃப் போர்ட் தருவது 15.4 வாட், கேபிள் இழப்பு போக, மறுமுனைக்கு உறுதி 12.95 வாட்தான். வைஃபை 6 பெட்டிகள் பலவும் அதற்கு மேற்பட்ட தரமான 802.3ஏடி கேட்பவை, அதில் 25.5 வாட் கிடைக்கும். பத்துப் பேர் சேர்ந்து வீடியோ பார்க்கும்போது பற்றாக்குறை தலைகாட்டும். நமக்கு அது காரணமில்லாமல் விழுவதுபோல் தெரியும். மலிவாகக் கிடைக்கிற, செம்பு பூசிய அலுமினியக் கேபிள் இன்னும் மோசம், மின்தடை அதிகம். தக்க இன்ஜெக்டரும் (கேபிளில் மின்சாரம் ஏற்றும் கருவி) குட்டையான அசல் செம்புக் கேபிளும் போட்டு ஒரு நாள் ஓட விடுங்கள்.