கதை வாசிச்சுக் கெட்டவர்கள்

திருகோணமலையில் ஒரு கலியாணப் பேச்சு குழம்பினால் முதலில் குறிப்பு, பிறகு சீதனம் என்று காரணம் தேடுவார்கள். கடைசியில் யாராவது ஒரு பெரியம்மா, "பிள்ளை கதைப் புத்தகம் வாசிச்சு வாசிச்சே கெட்டுப்போச்சு" என்று முடித்து வைப்பார். முந்தி அட்டை கிழிந்த இந்தியக் குடும்ப நாவல், இப்ப போனில் பிரதிலிபி என்ற கதை வாசிக்கிற செயலி. பெரியம்மாவின் வசனம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வாசிக்கிற பிள்ளைகளை இவ்வளவு மொக்கு என்று ஏன் நினைக்கிறோம்? ஆறடி உயரமும் நாலைந்து கம்பெனியும் கோயம்புத்தூரில் மாளிகையும் உள்ள கதாநாயகன் எங்கட ஊர் உவர்மலைக்குப் பெண் பார்க்க வரமாட்டான் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கதாநாயகி மாமியார் வீட்டுக்குப் போய் அழுவாள். எங்கட கிழக்கிலங்கையிலோ பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண்ணுக்குக் கொடுத்த வீட்டுக்கு வந்து இருப்பார். கதையின் முக்கால்வாசி இங்கே நடக்கவே வழியில்லை!

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர், காதல் நாவல் வாசிக்கும் பெண்களிடமே போய்க் கேட்டு 1984இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வாசிக்கிற நேரம்தான் வீட்டு வேலைக்கு நடுவில் தங்களுக்கென்று கிடைக்கிற நேரம் என்றார்கள் அந்தப் பெண்கள். அவர்களுக்குப் பிடித்த நாயகன் பெண்ணைப் பரிவாகக் கவனிக்கிறவன். காய்ச்சல் என்றால் பக்கத்தில் வந்து இருப்பது, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, இவ்வளவுதான். இதை எதிர்பார்ப்பது பேராசை என்றால் பிழை வாசகியிடம் இல்லை.

ஆனால் அதே ராட்வே இன்னொன்றும் சொல்கிறார். எனக்குப் பயம் தருவது அதுதான். நாயகனின் கடுகடுப்பை ஒளித்து வைத்த அன்பு என்று திருப்பி வாசிக்க இந்தக் கதைகள் பழக்கிவிடுகின்றன. இப்போதைய 'ஆன்டி ஹீரோ' தொடர்களைப் பாருங்கள். தொடக்கத்தில் கையை முறுக்குவான், கட்டாயத் தாலி கட்டுவான், நாள் கணக்கில் முகம் பார்க்கமாட்டான். இருபது அத்தியாயம் தாண்டினால் சின்ன வயதுக் காயம் ஒன்று வெளியே வரும். அதோடு எல்லாம் சரியாகிவிடும். அவன் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று எழுத்தாளர் இடையிடையே ஒரு பந்தி எழுதிக்கொடுப்பதால் வாசகி பொறுமையாக இருக்கிறாள். வீட்டில் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போகிற மனுசனுக்கு அந்தப் பந்தியை ஆர் எழுதுவது? அந்த வேலையையும் பெண்தான் செய்கிறாள். "அவருக்கு ஒபிசில பிரச்சினை", "தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர்", இப்படி.

கனடா, சுவிஸ் மாப்பிள்ளைக்குப் பேசி முடித்துவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் இது நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் உறவு முழுக்க வட்சப்தான். அதுவும் ஒருவகைத் தொடர்கதை. "இரவு ஒரு மணிக்கு ஏன் ஒன்லைன்ல இருந்தாய், ஆரோட கதைச்சாய்?" என்று கத்துகிறவனை "அவர் கொஞ்சம் பொசசிவ் அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வாசிச்ச கதையில் அதற்கு அர்த்தம் காதல் அல்லவா.

திருகோணமலையில் கோணேசர் கோயில் இருக்கிற கடலோரக் குன்றான எங்கட சுவாமிமலையிலும் ஒரு கதை இருக்கிறது. வெள்ளைக்காரன் 'லவ்வர்ஸ் லீப்' என்று பெயர் வைத்த இடம். காதலனின் கப்பல் போவதைப் பார்த்துக் குதித்தாளாம் பிரான்சினா என்ற ஒல்லாந்துப் பெண். அவள் பெயரும் 1687 என்ற ஆண்டும் பொறித்த தூண் ஒன்று அங்கே உண்டு. ஒல்லாந்தரின் பதிவுகளோ அவள் பல வருடம் கழித்து இன்னொருவரைக் கலியாணம் முடித்ததாகச் சொல்கின்றன. உல்லாசப் பயணிகளுக்கு இன்றைக்கும் குதித்த கதைதான் சொல்லப்படுகிறது. போனவனை விட்டுவிட்டு வாழ்ந்தவளைக் கேட்க ஆட்கள் இல்லைப்போல.

புத்தகத்தைப் பறிக்கவேண்டாம். போனில் கதைக்கும் பிள்ளையிடம் ஒன்றைக் கேளுங்கள்: சண்டை பிடித்த அடுத்தநாள் அவர் என்ன சொல்கிறார்? பிழையை ஒத்துக்கொள்கிறாரா, இல்லை ஒரு பார்சல் அனுப்பிவிட்டு அந்தக் கதையை எடுக்காதே என்கிறாரா? புரோக்கரிடமும் விசாரிக்கலாம், சம்பளத்தையும் பி.ஆரையும் (வெளிநாட்டு நிரந்தர வதிவிட உரிமை) கேட்டு முடித்த பிறகாவது.