இனி விதியின் மேல் பழி போட முடியாது

"அறிவியல் வெறும் கருவி, நல்லதும் கெட்டதும் அதைப் பயன்படுத்துகிறவர் கையில்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் கூட்டமே தலையாட்டும். எதிர்முகாமுக்கும் ஒரு வாசகம் உண்டு: "அறிவியல் வளர வளர நம்பிக்கை தேயும்." எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஒரு விஷயம் தெரியவந்ததுமே, அதை யாரும் எதற்கும் பயன்படுத்தத் தொடங்கும் முன்பே, ஒன்று மாறிவிடுகிறது. நேற்றுவரை கடவுள் கணக்கில் இருந்த சாவு இன்று மனிதர் கணக்குக்கு வந்துவிடுகிறது. கண்டுபிடிப்புகள் சமூகத்தில் செய்யும் மிகப் பெரிய வேலை இந்தக் கணக்கு மாற்றம்தான் என்பது என் கட்சி.

இடியையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இடிமழை வந்தால் தேவாலய மணியை அடிப்பார்கள். மணியோசை மின்னலை விரட்டும் என்று நம்பிக்கை. உயரமான கோபுரத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்தான் செத்தார்கள். 1750-களில் பெஞ்சமின் பிராங்க்ளினின் இடிதாங்கி வந்தது. 1755-ல் பாஸ்டன் பக்கம் நிலம் நடுங்கியபோது, மின்னலை மண்ணுக்குள் இறக்கும் இந்தக் கம்பிகளே காரணமாக இருக்கலாம் என்று தாமஸ் பிரின்ஸ் என்ற போதகர் எழுதினார். (வாட்ஸ்அப் இல்லாத காலத்திலும் இதெல்லாம் நடந்திருக்கிறது.) கடைசியில் தேவாலயங்களே கம்பி மாட்டிக்கொண்டன. வெனிஸின் புனித மாற்கு கோபுரத்துக்கு 1776-ல் மாட்டினார்கள். யாருடைய கடவுளும் காணாமல் போகவில்லை. ஆனால் இடிமழையில் மணியடிக்க ஆள் அனுப்புவது அதன்பிறகு பக்தியாக இல்லை, அலட்சியமாகிவிட்டது.

இதைவிட என்னை உலுக்குவது இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவரின் கதை. 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவர்களும் மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் சாவது முதல் பிரிவில்தான் பல மடங்கு அதிகம். அங்கே சேர்க்காதீர்கள் என்று பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். மருத்துவர்கள் காற்றின் மேல் பழி போட்டார்கள், வானிலையின் மேல் போட்டார்கள். சாகப்போகிறவர்களுக்குக் கடைசிச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியொலியோடு வார்டு வழியாகப் போவாரே, அந்தப் பயம்கூடக் காரணமாக இருக்குமோ என்று யோசித்து, அவரை வேறு வழியாக மணியில்லாமல் போகச் சொல்லிப் பார்த்தார் செம்மல்வெய்ஸ். சாவு குறையவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பரான மருத்துவர் கொலெட்ச்கா, பிரேதப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி கீறி இறந்துபோனார். அவருடைய உடலில் கண்ட மாற்றங்கள் அந்தத் தாய்மார்களின் உடலில் கண்டவை போலவே இருந்தன. பிணவறையில் வேலை செய்த கையோடு நேரே பிரசவ வார்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் மருத்துவர்களும் மாணவர்களும்தான், மருத்துவச்சிகள் அல்ல. மே மாதம் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் 2 சதவீதத்துக்கு வந்தது.

மருத்துவ உலகம் அவரை ஏற்காததற்கு அறியாமை என்று ஒரே வார்த்தையில் காரணம் சொல்லிவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. கிருமி பற்றிய கோட்பாடு அப்போது இல்லை, அவரும் சண்டைக்காரர், எல்லாம் சரி. ஆனால் அவர் சொன்னதை ஒப்புக்கொள்வதென்றால், இத்தனை ஆண்டுகள் இந்தக் கைகளே கொன்றிருக்கின்றன என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். தன்னால் எத்தனை பேர் அகாலத்தில் கல்லறைக்குப் போனார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம் என்று செம்மல்வெய்ஸே எழுதியிருக்கிறார். ஜெர்மனியின் கீல் நகரத்தில் குஸ்தாவ் மிகாயேலிஸ் என்ற மகப்பேறு மருத்துவர் உடனே ஏற்றுக்கொண்டார். அவரே கவனித்த உறவுக்காரப் பெண் ஒருத்தி பிரசவக் காய்ச்சலில் இறந்திருந்தாள். 1848-ல் அவர் ஓடும் ரயில் முன் விழுந்து உயிரைவிட்டார். ஒரு தகவல் மனசாட்சிக்குள் போய் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம்.

அடுத்த நூற்றாண்டில் கணக்கு இன்னும் சிக்கலானது. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுவிட முடியாமல் நோயாளிகள் வரிசையாகச் செத்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, காற்றுப் பையைக் கையால் அமுக்கச் செய்தார். சுமார் 1500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக உட்கார்ந்து அமுக்கினார்கள். எத்தனையோ பேர் பிழைத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது அங்கேதான் என்பார்கள். பிறகு அந்த வேலையை வென்டிலேட்டர் எடுத்துக்கொண்டது. கூடவே வேறொன்றும் வந்தது: மூளை முழுதாக அணைந்தபின்னும் இதயம் துடிக்கும் உடல்.

மூச்சு நின்றால் சாவு என்று காலங்காலமாகப் பெரும்பாலும் தெளிவாக இருந்தது இப்போது குழம்பிப்போனது. 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்க மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்ட், ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்கு வைக்கும் முதல் அறுவையைச் செய்தார். 1968-ல் ஹார்வர்ட் குழு ஒன்று மூளைச்சாவுக்கு அளவுகோல் வகுத்தது. அதே ஆண்டு ஜப்பானில் இதய மாற்று செய்த மருத்துவர் மேல் கொலைப் புகாரே எழுந்தது. அங்கே மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பெடுக்கச் சட்டம் வர 1997 ஆனது. எந்த நாட்டையும் பின்தங்கியது என்று சொல்ல நான் தயாரில்லை. சாவு எப்போது என்பதைக் குழு கூடி முடிவு செய்ய வேண்டிய நிலைமை வந்தால் தயங்குவதுதான் மனித இயல்பு.

டயாலிசிஸ் இன்னும் அப்பட்டம். 1960-ல் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு குழாய் அமைப்பை உருவாக்க, சிறுநீரகம் செயலிழந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ வழி பிறந்தது. இயந்திரங்களோ சில, நோயாளிகளோ பலர். யாருக்கு இடம் என்று தீர்மானிக்கப் பெயர் வெளியிடாத ஏழு பேர் குழு போட்டார்கள். அதில் ஒரு வழக்கறிஞர், ஒரு போதகர், ஒரு வங்கியாளர், ஒரு இல்லத்தரசி. வருமானம் என்ன, எத்தனை குழந்தைகள், தேவாலயத்துக்குப் போகிறாரா என்றெல்லாம் பார்த்தார்கள். 1962-ல் பத்திரிகையில் வந்ததும் நாடே கொதித்தது. அந்த ஏழு பேரைத் திட்டுவது சுலபம். சில ஆண்டுகளுக்கு முன்னால் இதே நோய் வந்த எல்லோருமே செத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் கொதிக்கவில்லை. அப்போது அது நோய், இப்போது அது அநியாயம். 1972-ல் அமெரிக்க அரசே டயாலிசிஸ் செலவை ஏற்றுக்கொண்டதில் அந்தக் கொதிப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இப்போது மரபணு. ஹண்டிங்டன் நோய்க்கான மரபணுவை 1993-ல் கண்டுபிடித்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. மூளையை மெல்ல மெல்லத் தின்னும் நோய், குணப்படுத்த மருந்தில்லை. வருமா வராதா என்று ரத்தம் கொடுத்தால் சொல்லிவிடலாம். ஆனால் ஆபத்து வளையத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சோதித்துக்கொள்வதில்லை. அந்த மரபணுவைத் தேடும் முயற்சியை முன்னின்று நடத்திய நான்சி வெக்ஸ்லரின் தாய் அதே நோயில் இறந்தவர். தனக்கு நோய் இருப்பதை வெக்ஸ்லர் 2020-ல்தான் வெளியே சொன்னார்.

இவர்களைக் கோழைகள் என்பவர்களோடு எனக்கு ஒட்டாது. தெரியாமல் இருக்கும் உரிமையும் உரிமைதான். சிக்கல் எங்கே என்றால், அப்பாவழித் தாத்தாவுக்கு நோய் இருந்தது, மகனுக்குத் தன் நிலை தெரிய வேண்டும், அப்பாவுக்கு வேண்டாம். மகனுக்கு 'இருக்கிறது' என்று வந்தால் அப்பாவின் முடிவும் தானாக வந்துவிடும், அவர் ஒரு சொட்டு ரத்தம் கொடுக்காமலே. என்னைக் கேட்டால் மகனைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் முடிவு வந்த அன்று மாலை வீட்டுக்குப் போய் அப்பா முகத்தைப் பார்க்கும்போது அவன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.